குறையாத ஆயில்

9 ஜூலை 2024, செவ்வாய்

கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இவர் வீட்டில் இல்லாததால் நானே காரின் பானெட்டைத் திறந்தேன். திருமங்கலத்திலிருந்து பேரையூர் பள்ளிக்கு இரண்டு வருடமாக இந்தக் காரில்தான் போய் வருகிறேன், பானெட்டைத் திறந்தது இன்றுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் லூர்துராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பைக்கோடு சரி. ஆனால் சர்வீஸ், துடைப்பது, காற்றடிப்பது எல்லாம் தன் இலாகா என்று எடுத்துக்கொண்டவர். என்னை அந்தப் பக்கமே விடமாட்டார்.

உள்ளே ஒரு அட்டை கட்டித் தொங்கியது. மெக்கானிக் காசிமாயனின் கோணல் எழுத்து. தேதி, கிலோமீட்டர், கடைசியில் ஆயில்: 20W-50.

டேஷ்போர்டில் வண்டியோடு வந்த புத்தகம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். 5W-30 என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது.

பள்ளிக்கு எடுத்துப்போய் ஓய்வு பீரியடில் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். W-க்கு முன்னால் இருக்கும் எண் குறைவாக இருந்தால், காலையில் ஆறிக் கிடக்கிற இன்ஜினுக்குள் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. அப்படியானால் காசிமாயன் ஊற்றியிருப்பது புத்தகம் சொன்னதை விட இரண்டு பக்கமும் கெட்டி. ஏன்? விலை குறைவா? டிரம்மில் மீந்ததை ஊற்றினாரா?

கணக்கு டீச்சர் வண்டியிலேயே இப்படி என்றால் மற்றவர்கள் வண்டியில் என்னவெல்லாம் ஊற்றுகிறாரோ.


10 ஜூலை, புதன்

சாப்பாட்டு நேரத்தில் தமிழ்வாணி டீச்சரிடம் சொன்னேன். சமூக அறிவியல் எடுப்பவர். என்னைப் பார்த்துத்தான் அவரும் காசிமாயனிடம் வண்டி விடுகிறார். “பொம்பளை ஓட்டுற வண்டின்னா என்னத்த ஊத்துனாலும் தெரியாதுன்னு நினைக்கிறாய்ங்க மேரி டீச்சர்” என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது.


13 ஜூலை, சனி

உசிலம்பட்டி ரோட்டில் இருக்கும் காசிமாயன் ஷெட்டுக்குப் போனேன். இவரும் கூடவே பைக்கில் வந்தார். வரச் சொல்லவில்லை. வந்தார்.

புத்தகத்தை விரித்து வைத்து, “இதுல ஒண்ணு போட்டிருக்கு, நீங்க ஒண்ணு ஊத்தியிருக்கீங்க. ஏன்?” என்று கேட்டேன்.

காசிமாயன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார். “நம்ம ஊரு வெயிலுக்கு அது தண்ணி மாதிரி ஓடிரும் டீச்சர். கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லது.”

“இந்தப் புத்தகத்தை அடிச்சவங்களுக்கு வெயில் தெரியாதா? ஐம்பது டிகிரி வரைக்கும் படம் போட்டிருக்காங்களே.”

காசிமாயன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். இவர் நடுவில் புகுந்து, “அவரு எம்புட்டு வண்டி பாத்தவரு, விடு மேரி” என்றார்.

கேள்வி கேட்டது நான். இவர் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? இதே காசிமாயன்தான் இந்த வண்டியை வாங்கும் முன்னால் பார்த்து “நல்ல வண்டி, ஒரு டாக்டர் அம்மா ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினது” என்று சர்டிபிகேட் கொடுத்தவர். அதாவது, கொடுத்தார் என்று இவர் வந்து சொன்னார்.


14 ஜூலை, ஞாயிறு

பாடல் குழுவில் பாடிவிட்டு வந்தேன். சாப்பிடும்போது இவர் கையில் ஆயில் வாடை. சோப்பு போட்டும் போகவில்லை. பைக் செயினுக்கு விட்டேன் என்றார். செயின் வறண்டுதான் கிடக்கிறது. போய்ப் பார்த்தேன்.


20 ஜூலை, சனி

மதுரைக்குப் போய்ப் பழங்காநத்தத்தில் அசோக்குமார் என்பவரிடம் ஆயிலை மாற்றினேன். தமிழ்வாணியின் அண்ணன் சொல்லிவிட்ட இடம். இவர் வரவில்லை. காலையிலிருந்தே முகம் சரியில்லை. “அவசரப்படாத மேரி, அடுத்த சர்வீஸுக்குப் பாத்துக்கிருவோம்” என்று நாலு தடவை சொன்னார். ஒரு ஆயில் மாற்றுவதற்கு ஒரு மனிதன் நாலு தடவை கெஞ்சுவானா?

நான் பக்கத்திலேயே நின்றேன். டப்பா சீல் உடைப்பதைப் பார்த்தேன். 5W-30. ஒரு சொட்டு விடாமல் ஊற்றும்வரை நகரவில்லை. பழைய ஆயில் கரி மாதிரி வந்தது.

அசோக்குமார் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பார்த்தவர், மீட்டரைப் பார்த்தார். நாற்பத்தெட்டாயிரம். பிறகு குனிந்து காலடியைப் பார்த்தார். “பெடல் ரப்பர் இம்புட்டு தேஞ்சிருக்கே மேடம்” என்றார். நான் அழுத்தி ஓட்டுவேன் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டார்.


22 ஜூலை, திங்கள்

காலையில் சாவி திருகியதும் பட்டென்று எடுத்தது. கல்லுப்பட்டி ஏற்றத்தில் வண்டி லேசாகப் போகிறது. என் கணிப்பு சரி.

ஓய்வறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டு வருடமாகக் காசிமாயன் என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று. தலைமையாசிரியர் தன் காரை இனி அங்கே விடப்போவதில்லை என்றார். முகேஷ் சார், தமிழ்வாணி இரண்டு பேரும் அப்படியே. மூன்று வண்டியும் நான் அனுப்பி வைத்தவைதான். நானே நிறுத்தினேன். நியாயம்தான்.


4 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் தமிழ்வாணி, “டீச்சர், ஒங்க வண்டி புகையுதே, நீலமா?” என்றார். நேற்று நானும் பார்த்தேன். ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒரு பொட்டலம் புகை. முன்பு இல்லை. ஆயில் எரிந்தால்தான் நீலமாக வருமாம்.

இவரிடம் சொன்னேன். “ஆவியா இருக்கும், காலைல ஈரமா இருக்குல்ல” என்றார். ஆகஸ்டு மாசம் திருமங்கலத்தில் என்ன ஈரம்?

வண்டி பழையபடி காசிமாயன் கைக்குப் போக வேண்டும் என்று யாரோ ஏதோ செய்கிறார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.


12 ஆகஸ்ட், திங்கள்

ஒரு வாரமாக இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியைத் தினமும் இழுத்துப் பார்க்கிறேன். குச்சியில் இரண்டு கோடு இருக்கிறது. மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும்.

செவ்வாய் மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. வியாழன் பாதி. சனி பாதிக்கும் கீழே. இன்று காலை மேல்கோடு.

மூன்று தடவை துடைத்துவிட்டுப் பார்த்தேன். மேல்கோடுதான்.

ஆயில் தானாக ஊறுமா? முப்பது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். கழிக்கக் கழிக்கக் கூடுகிற கணக்கை இன்றுதான் பார்க்கிறேன்.


18 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்ததும் பாடல் பயிற்சிக்கு நிற்காமல் சீக்கிரம் வந்துவிட்டேன். தெருமுனையில் காசிமாயனின் பைக் எதிரே வந்தது. என்னைப் பார்த்ததும் வேகம் குறைக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். வீட்டில் இவர் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் வாசல் கழுவியதே கிடையாது இவர்.

“காசிமாயன் எதுக்கு வந்தாரு?”

“சும்மா பாத்துட்டுப் போனாரு.”

“நான் கோயில்ல இருக்கிற நேரம் பாத்தா?”

“ஏன் மேரி, வீட்டுக்கு ஒரு ஆள் வரக் கூடாதா?” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

என் வண்டியை வைத்து இந்த இரண்டு பேரும் ஏதோ செய்கிறார்கள். என்ன என்றுதான் பிடிபடவில்லை. இருபத்து நாலு வருடம் கூட வாழ்ந்த ஆளை இப்படி எழுத எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.


27 ஆகஸ்ட், செவ்வாய்

நாளை இவர் வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறார். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து முப்பது பேர் கிளம்புகிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் போகாதவர். என்ன நேர்ச்சை, எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன், சொல்லக் கூடாது என்றார்.

பையைக் கட்டும்போது மெதுவாக ஆரம்பித்தார். “நான் வர்ற வரைக்கும் பஸ்ல போயிரேன் மேரி.”

“ஏன்?”

“தனியாப் போற. வழியில ஏதாச்சும்னா?”

“ரெண்டு வருஷமாத் தனியாத்தான் போறேன்.”

பையை இறுக்கிக் கட்டினார். நான் கண்டிப்பாகக் காரில்தான் போவேன்.


28 ஆகஸ்ட், புதன்

கிளம்பிவிட்டார். குச்சியைப் பார்த்தேன், ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே.


31 ஆகஸ்ட், சனி

பாதி.

நேற்று சாயங்காலம் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் தாளில் ஒரு சொட்டு இல்லை. ஒழுகவில்லை. அப்படியென்றால் எடுக்கிறார்களா? கேட்டைப் பூட்டித்தான் வைக்கிறேன்.


2 செப்டம்பர், திங்கள்

இன்று மேலே ஏறியிருக்க வேண்டும். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் திங்களன்று ஏறியது. ஏறவில்லை. இன்னும் இறங்கியிருக்கிறது. இவர் இல்லாத வாரத்தில் மட்டும் ஏறவில்லை.

இவரோடு போனில் பேசினேன். புதுக்கோட்டை தாண்டிவிட்டார்களாம். கால் கொப்புளம் என்றார். உடனே, “வண்டி நல்லா ஓடுதா?” என்றார். கொப்புளத்தைப் பற்றி நான் கேட்கும் முன்பே வண்டியைக் கேட்கிறார்.


4 செப்டம்பர், புதன்

கீழ்கோட்டைத் தொட்டுவிட்டது. கீழ்கோடு வரை ஓட்டலாம் என்று புத்தகம் சொல்கிறது. சனிக்கிழமை மதுரைக்குக் கொண்டுபோய் அசோக்குமாரைக் கேட்க வேண்டும்.


5 செப்டம்பர், வியாழன்

ஆசிரியர் தினம். புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கல்லுப்பட்டி தாண்டி இரண்டு மைல். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியது, பிறகு நின்று எரிந்தது. இன்ஜினில் கடகடவென்று சத்தம். ஓரம் கட்டி அணைத்தேன். இரண்டு பக்கமும் சோளக்காடு, ஒரு மரம் கிடையாது.

அசோக்குமாருக்குப் போன் போட்டேன். “ஸ்டார்ட் பண்ணாதீங்க மேடம், மத்தியானத்துக்கு மேல ஆள் அனுப்பறேன்” என்றார். பள்ளிக்குச் சொன்னேன். கடைசியில் இவருக்குப் போட்டேன். சொல்லி முடித்ததும் “அங்கேயே நில்லு” என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் காசிமாயன் பைக்கில் வந்து நின்றார்.

நேராகப் பானெட்டைத் திறந்தார். பைக் டேங்க் மேல் கட்டியிருந்த டப்பாவை அவிழ்த்தார். சீல் உடைக்காத டப்பா. எழுத்தைப் பார்த்தேன். 5W-30. நான் மதுரையில் வாங்கினேனே, அதே கம்பெனி, அதே டப்பா.

“ஒங்க கிட்ட இது எப்படி?”

புனலை வைத்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“காசிமாயன், கேக்கிறேன்ல.”

“அண்ணன்தான் வாங்கித் தரச் சொன்னாரு டீச்சர். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுப்பேன். முன்னாடி கெட்டி ஆயில், நீங்க மாத்துனதுலருந்து இது. நீங்க கோயில்லருந்து வர்றதுக்குள்ள அவரே ஊத்திருவாரு.”

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். புதுச் சேலை.

மெல்ல மெல்லத்தான் சொன்னார். வண்டியை வாங்கும் முன் இவர் அவரிடம் காட்டவே இல்லை. மதுரையில் புரோக்கர் இன்னொரு ஆள் கேட்கிறார் என்று அவசரப்படுத்த, அன்றே முடித்துவிட்டார். ஒரு மாதம் கழித்துச் சர்வீஸுக்கு வந்தபோதுதான் காசிமாயன் கண்டுபிடித்தார். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். டாக்டர் அம்மாவும் இல்லை, ஒருத்தரும் இல்லை. கோயம்புத்தூரில் டாக்சியாக ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி.

“புத்தகத்துல போட்டது சரிதான் டீச்சர். ஆனா அது கம்பெனிலருந்து இறங்கின இன்ஜினுக்கு. இது உள்ள தேஞ்சு இடைவெளி விழுந்த இன்ஜின். லேசான ஆயில் அந்த இடைவெளியில ஏறி எரிஞ்சுரும். கெட்டியா ஊத்துனா கொஞ்சம் நிக்கும், சத்தமும் அடங்கும். இன்ஜினப் பிரிச்சு வேலை பாக்குற வரைக்கும் ஓட்டிக்கலாம்னு அண்ணே சொன்னாரு.”

“என்கிட்ட அன்னைக்கு ஷெட்டுலயே சொல்லியிருக்கலாமே.”

“அண்ணே நானே சொல்லிக்கிறேன்னாரு. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் எதுக்கு?”

நான் அவரைப் பற்றி ஓய்வறையில் என்ன பேசினேன் என்று அவருக்குத் தெரியும். மூன்று வண்டி நின்றுவிட்டதே, தெரியாமல் இருக்குமா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அசோக்குமாருக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசிமாயன் மெதுவாக ஓட்டிவாங்க என்று சொல்லிவிட்டு, ஷெட் வரைக்கும் எனக்கு முன்னால் பைக்கில் போனார்.


6 செப்டம்பர், வெள்ளி

பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டே.

கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. ரெண்டு வருடம்! ஒவ்வொரு ஞாயிறும் நான் அங்கே பாடிக்கொண்டிருக்க, இங்கே திருட்டுத்தனமாக ஆயில். வீட்டுக்கு வரட்டும்.


9 செப்டம்பர், திங்கள்

வந்துவிட்டார். இரண்டு பாதமும் கிழிந்துபோய், சிவந்த சதை தெரிந்தது. வெந்நீரில் உப்புப் போட்டு அண்டாவில் கால் வைக்கச் சொன்னேன். சண்டை போட நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் காலைப் பார்த்ததும் வாயில் வரவில்லை.

“ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டேன்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏமாந்துட்டேன்னு ஒங்கிட்ட எப்படி மேரி சொல்ல? மிக்ஸிய இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்க.”

மிக்ஸி. பதினோரு வருடத்துக்கு முன்னால் மதுரை தமுக்கம் மைதானப் பொருட்காட்சியில் ஒரு கடையில் ஏமாந்து வாங்கி வந்தார். ஒரே வாரத்தில் கருகிப்போனது. அதை நான் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் தங்கை மகள் கல்யாணத்தில். இவர் தங்கச்சி வீட்டுப் புதுமனை விருந்தில், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. ஓய்வறையில் எத்தனை தடவை என்று கணக்கில்லை. “எங்க வீட்டுக்காரரை அனுப்பினா கல்லைக்கூட தங்கம்னு வாங்கிட்டு வருவாரு” — இது என் வசனம். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். சிரித்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“நேர்ச்சை இதுக்குத்தானா?”

“வழியில ஒன்னைய நிப்பாட்டிறக் கூடாதுன்னுதான் நடந்தேன். நடந்துக்கிட்டிருக்கும்போதே நிப்பாட்டிருச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் அழுதேன்.


11 செப்டம்பர், புதன்

ஒன்று பாக்கி இருக்கிறது. காசிமாயன் பெயரை நான் கெடுத்தேன், நான்தான் சரிசெய்ய வேண்டும். அப்படிச் செய்ய வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் மிக்ஸிக்கு அடுத்து கார் என்று ஓய்வறை முழுக்க இவர்தான் பேச்சு. தமிழ்வாணி ஒருத்தர் போதும், பேரையூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும்.

சும்மா “விசாரிச்சேன், காசிமாயன் நல்லவர்தான்” என்று சொல்லிப் பார்த்தால்? யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். எதையோ மறைக்கிறாள் என்பேன்.

இவரிடமே கேட்டேன். காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “சொல்லிரு. அந்தாளு ஒரு தப்பும் பண்ணல.”


13 செப்டம்பர், வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். டப்பாவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன், இல்லையென்றால் சொல்லாமல் விட்டிருப்பேன். தேய்ந்த இன்ஜின், கெட்டி ஆயில், நான் மாற்றியதால் வந்த புகை, ஞாயிற்றுக்கிழமை ஆயில், எல்லாம்.

முகேஷ் சார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழ்வாணிதான் கேட்டார், உதட்டோரம் சிரிப்பு தயாராக. “அது சரி, சார் எதுக்கு டீச்சர் ரெண்டு வருஷமா மறைச்சாரு?”

“நான் இங்க வந்து சொல்லிச் சிரிப்பேன்னு பயந்து.”

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்வாணி தன் டப்பாவிலிருந்து மீனை எடுத்து என் மூடியில் வைத்தார்.


28 செப்டம்பர், சனி

காசிமாயன் ஷெட்டில் இன்ஜின் வேலை முடிந்தது. பத்து நாளாகப் பிரித்துப் போட்டு, தேய்ந்ததையெல்லாம் மாற்றிச் சேர்த்திருக்கிறார். ஷெட்டுக்குள் தமிழ்வாணியின் வண்டி பானெட் திறந்து நின்றது. முகேஷ் சார் நேரம் கிடைக்கும்போது வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். தலைமையாசிரியர் இன்னும் மதுரைக்குத்தான் கொண்டுபோகிறார். நான் சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது, முழுக்கத் துடைக்க முடியவில்லை. காசிமாயனிடம் மன்னிப்பு கேட்டேன். “அட விடுங்க டீச்சர்” என்று வேறு பக்கம் பார்த்தார். விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை.

ஆயில் ஊற்றும் நேரம் வந்தது. பெஞ்சில் இரண்டு மாதிரி டப்பாவும் இருந்தன. “என்ன ஊத்தட்டும் டீச்சர்?” என்றார்.

“நீங்க பாத்து ஊத்துங்க” என்று சொல்லிவிட்டு, இவரைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன். இவர் இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். கடை பெஞ்சில் ஷெட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இவர் என்னையும் ஷெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போய்ப் பாக்கலையா மேரி?”

“டீ ஆறுது, குடிங்க.”

கார் இப்போது வாசலில் நிற்கிறது. உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.